மட்காட் கையளிப்பு விழா

ராஜலிங்கம் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துச் சுடரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

தோல் காந்தியது. கையை எடுக்கவில்லை. எடுத்தால் விளக்கு அணைந்துவிடும். விளக்கு அணைந்தால் அலுவலகத்தை மூடிவிடுவார்கள்.

"தங்கச்சி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க!" என்று கத்தினார்.

மேசைக்குப் பின்னாலிருந்த ஸுமைரா மேலே சுழன்றுகொண்டிருந்த விசிறியை அண்ணாந்து பார்த்தாள். "நிப்பாட்ட ஏலாது அண்ணன். தலைவருக்கு வேர்க்கும்."

"தலைவர் எங்க?"

"கொழும்புல."

சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ராஜலிங்கம் தன் தொப்பையை முன்னே தள்ளிக் காற்றை மறித்தார்.

கண்டி அம்பிட்டிய வீதியில், வாவியைப் பார்த்தபடி நிற்கும் பழைய பங்களா அது. வாசலில் பலகை: 'அசையும் மரபுரிமைப் பொருட்கள் பேணுகை அதிகாரசபை.' உள்ளே அசைந்துகொண்டிருந்தது விசிறி மட்டும்தான். சபை தொடங்கிய நாளில் தலைவர் சுந்தரலிங்கம் குத்துவிளக்கேற்றி, "இந்தச் சுடர் எரியும்வரை எமது சேவை ஓயாது" என்று முழங்கினார். கைதட்டல் விழுந்தது. அந்தக் கைதட்டலோடு அது சட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் விளக்கேற்றுவார்கள். அது எரியும்வரை விண்ணப்பம் வாங்குவார்கள். அணைந்ததும் சேவை ஓய்ந்துவிடும். விளக்கை வைத்திருந்த இடம் விசிறிக்கு நேர் கீழே.

முன்பு வந்தபோதெல்லாம் ராஜலிங்கம் படியேறி முடிப்பதற்குள் திரியில் புகை வந்துகொண்டிருந்தது. இன்றுதான் சுடரைக் கண்ணால் கண்டார். பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"சரி, கெதியாச் சொல்லுங்க. என்ன அலுவல்?" என்றாள் ஸுமைரா.

"மட்காட்."

"என்ன காட்?"

"மட்காட்டும்மா. காரோட வலதுபக்க முன் மட்காட். சில்லுக்கு மேல வளைஞ்சு வருமே, அது. உங்ககிட்ட ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க. பழைய ஒஸ்டின், திறந்த கார். எங்கிட்ட இருக்கிறதும் அதே கார்தான்."

மஹய்யாவயில் ராஜலிங்கத்தைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய காரைத் தெரியும். தலைக்கு மேலே தகரக் கூரை இல்லை. துணி ஹூட்டைப் பின்னால் மடித்துவிட்டால், மணப்பெண்ணை ஊரே பார்க்கலாம். கண்டியில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், கோவிலோ புத்த பன்சலையோ பள்ளிவாசலோ தேவாலயமோ, பால் நிறத்தில் அந்தக் கார்தான் முன்னால் போகும். அவருடைய மகள் சுகிர்தா சின்ன வயதிலிருந்து அதைத் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறாள். பின்சீட்டில் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அது கல்யாணப் பெண்ணின் இடம்.

இந்தத் தையில் அவள்தான் கல்யாணப் பெண்.

மார்கழியில் மட்காட் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்டவர்களிடம், "ஹுன்னஸ்கிரிய மலைப் பனியில போச்சு" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் சொன்னால் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும். மீதியை மென்று விழுங்கிக்கொண்டார்.

பழைய சாமான் கடைகளில் தேடினார். கொழும்புவரை போய்ப் பார்த்தார். இல்லை. டிங்கரிங் வேலை செய்யும் தினேஸ் பாஸிடம், தகரத்தில் புதிதாக அடித்துத் தரச் சொன்னார். "அடிக்கலாம் அண்ணே. ஆனா அந்த வளைவு வராது. வாளியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கும்" என்றார் பாஸ்.

அப்படியே விட்டுவிடலாமென்றால் மனைவி கலாராணி ஒற்றைக் காலில் நின்றாள். "மூளியா நிக்கிற கார்ல எம்புள்ளைய ஏத்த மாட்டேன். சொந்தக்காரன் ஒவ்வொருத்தனும் வாயில போட்டு மெல்லுவான்."

சுகிர்தாவோ, மட்காட் இல்லாத காரைப் பழையபடி துடைத்துக்கொண்டிருந்தாள். ராஜலிங்கத்தின் நெஞ்சைப் பிசைந்தது அதுதான்.

ஸுமைரா அவரையும் அவருடைய சிவந்த உள்ளங்கைகளையும் பார்த்தாள். பெருமூச்சு விட்டு விண்ணப்பத்தில் முத்திரை குத்தினாள்.

அந்த அதிர்வில் விளக்கு அணைந்தது.

*

மட்காட்டுக்குத் தனி அறை. அறைக்குத் தனிக் காவலாளி. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும்.

உள்ளே வெல்வெட் விரித்த மேடையில், வெள்ளைத் துணியால் போர்த்தி, பிரேதத்தைப்போல் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் இணக்கப்பாட்டு நிபுணர் கலாநிதி முத்துலிங்கம் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் கார் எந்தப் பாகத்தோடு இணங்கும் என்று தீர்மானிப்பது அவர் பொறுப்பு. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதைப் பெருமையாகவே சொன்னார். "ஓட்டினால் பற்று வந்திடும் தம்பி. நிபுணருக்குப் பற்று இருக்கக் கூடாது."

துணியின் ஒரு முனையை இரண்டு விரலால் விலக்கினார். ஈரல் நிறத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்த வளைவு தெரிந்தது.

ராஜலிங்கம் முன்னே குனிந்தார். அதே வளைவு! கை தானாக நீண்டது.

"தொடாதையும்!"

கை நின்றது.

"அளந்து மட்டும் பாத்துக்கிறேங்க ஐயா. டேப் கொண்டாந்திருக்கேன்."

"அளக்கிறதோ?" முத்துலிங்கம் சிரித்தார். "இணக்கம் எண்டது அளவில இல்லைத் தம்பி. உணர்வில இருக்கு. அளந்து பாத்துப் பூட்டுறதெண்டால் அதுக்கு ஒரு கராஜே போதுமே. எங்களுக்கு ஏன் சம்பளம்?"

"அதுவுஞ் சரிதாங்க" என்று ராஜலிங்கம் உளமாரச் சொன்னார். "உள்பக்கத்தையாவது காட்டுங்களேன். போல்ட் ஓட்டை எங்க வருதுன்னு பாத்துட்டா போதும்."

நிபுணரின் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உள்பக்கம் பரம ரகசியம். வெளியில பெயிண்ட் அடிக்க விட்டன். உள்ளுக்குத் தூரிகை படவிடேல்லை. ஏனெண்டால் அங்க ஒரு அடையாளம் இருக்கு. உலகத்தில வேற எந்த மட்காட்டிலும் இல்லாத அடையாளம். அதைப்பற்றி நான் ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறன். நேரம் வரேக்க சபை நடுவில திறப்பன்."

"இது எங்கருந்து கிடைச்சுதுங்க?"

"அது தலைவருக்குத்தான் தெரியும். அவரும் மேடையிலதான் சொல்லுவார். அவருக்கு மைக் இல்லாமல் ஞாபகம் வராது."

ராஜலிங்கம் வெளியே வந்து செருப்பைத் தேடினார். ஒன்று இருந்தது. மற்றதைக் காவலாளியின் நாய் மென்றுகொண்டிருந்தது.

*

அடுத்ததாக இணக்கப்பாட்டுக் குழு காரைப் பார்வையிட மஹய்யாவக்கு வந்தது. பார்வையிட வருபவர்களுக்கு மாலை போட வேண்டும் என்று முதல்நாளே தகவல் வந்திருந்தது. கலாராணி கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த பூக்காரரிடமே மாலை வாங்கினாள். கழுத்தில் சாமந்தியோடு அவர்கள் ஒழுங்கையில் வரிசையாக இறங்கிவந்தபோது, பக்கத்து வீட்டு ஆடு ஒன்று பின்னாலேயே வந்தது.

முதலில் சாப்பிட்டார்கள். கோழிக்கறியில் கால் யாருக்கு என்பதில் மட்டும் குழுவுக்குள் இணக்கம் ஏற்படவில்லை. பிறகு கை கழுவி, அந்த ஈரக் கையைக் காரின் ஹூட் துணியில் துடைத்துக்கொண்டார்கள். சுகிர்தா பல்லைக் கடித்தபடி உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் மட்காட் இல்லாத இடத்துக்கு வந்தார்கள். சில்லு அம்மணமாக நின்றது. முத்துலிங்கம் குனிந்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் குனிந்தார்.

"இது எப்ப போனது?"

"மார்கழியில."

"போன பிறகு ஆரும் தொட்டதோ?"

"எம்மக துடைச்சா."

"ஐயோ! துடைச்சுப் போட்டாளோ!" அவர் குழுவின் பக்கம் திரும்பினார். "விளங்குதே? இது வெறும் ஓட்டை இல்லை. இது ஒரு வரலாற்று வெற்றிடம். ஒரு இழப்பின் சாட்சி. இதில போய் இன்னொரு மட்காட்டைப் பூட்டினால் இந்த இழப்பை நாங்கள் அழிச்சதாப் போகும்."

"அழிக்கத்தானேய்யா உங்ககிட்ட வந்தேன்!" என்று அலறினார் ராஜலிங்கம்.

அவருடைய உணர்ச்சியைக் குழு குறித்துக்கொண்டது. பிறகு சில்லைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார்கள். கொண்டுவந்திருந்த பலகையை நட்டார்கள். 'பாதுகாக்கப்பட்ட வெற்றிடம். மூடுவது, நிரப்புவது, துடைப்பது தண்டனைக்குரிய குற்றம்.'

மாலையில் தினேஸ் பாஸ் தகரத்தில் அடித்த மட்காட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். உண்மையிலேயே கவிழ்த்த வாளிதான். பலகையைப் படித்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணே, இல்லாத சாமானுக்கும் கேஸ் போடுவாங்களா?"

ராஜலிங்கம் காரின் கதவைத் திறந்தார். கோழிக்கறியின் எலும்பொன்று சீட்டின் அடியில் கிடந்தது. குனிந்து எடுத்தார்.

மறுநாள் அம்பிட்டிய வீதியில் மறுபடியும் விளக்கைக் காத்துக்கொண்டு நின்றபோது, ஸுமைராதான் இரக்கப்பட்டாள். சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லப் பேசினாள்.

"அண்ணன், ஒரு விசயம் சொல்றன். நீங்க விலைக்குக் கேட்டீங்க. மரபுரிமைய விக்க ஏலாது. இரவலாக் கேட்டாலும் ஏலாது. ஆனா இந்தச் சபையால ஒண்டு மட்டும் செய்ய ஏலும்."

"என்னம்மா?"

"கையளிக்கலாம். கையளிப்பு விழா எண்டு ஒண்டு வைக்கச் சொல்லிக் கேளுங்க. மேடை, பெனர், பேச்சு, போட்டோ. தலைவர் ஒரு மட்காட் இல்ல, இந்தப் பங்களாவையே கழட்டித் தருவார்."

*

தலைவர் சுந்தரலிங்கம் கொழும்பிலிருந்து வந்த வேகத்தில் சம்மதித்தார். விழா என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்து ராஜலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய விரல்களில் மீன் கட்லட்டின் எண்ணெய் இருந்தது. இப்போது அது ராஜலிங்கத்தின் விரல்களிலும் இருந்தது.

"நாள்கூடப் பார்த்துவிட்டேன்" என்றார் தலைவர்.

அவர் சொன்ன நாள் சுகிர்தாவின் கல்யாண நாள்.

"ஐயா, அன்னைக்கு எம்மக கல்யாணம். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில்ல. அதுக்காகத்தான் மட்காட்டே. ஒருநாள் முந்தி வைங்களேன்."

"முந்திய நாள் எனக்கு வேறு ஒரு விழாவில் பொன்னாடை. காலையிலேயே தொடங்கிவிடுவோம். உங்கள் முகூர்த்தத்துக்கு முன்னர் முடிந்துவிடும். பிரதம அதிதியும் நானும் தலா நான்கு வார்த்தைகள். அவ்வளவுதான்!"

கலாராணி அன்று சட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்தாள். "பொண்ணுக்குத் தாலி ஏறுற நேரத்துல அப்பன்காரன் தகரம் வாங்க மேடையேறிக்கிட்டு இருப்பானா?"

"ஏறிட்டு இறங்கிருவேன் கலா."

"ஏறின எவன் சட்டுன்னு இறங்கியிருக்கான்?"

சுகிர்தா உடைந்த துண்டுகளைப் பொறுக்கியபடி, "அம்மா, விடு. அப்பா கொண்டாந்துருவாரு" என்றாள்.

அந்த ஒரு சொல்தான் ராஜலிங்கத்தைக் கல்யாண நாள் காலையில் பட்டு வேட்டியோடு விழா மண்டபத்துக்குத் துரத்தியது. காரை முதல்நாளே இழுத்துவந்து மண்டப வாசலில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். வெற்றிடத்துக்கு ரிப்பன் கட்டியிருந்தது. தினேஸ் பாஸ் ஸ்பேனரும் போல்ட்டுமாகச் சில்லோரம் குந்தியிருந்தார்.

மட்காட்டைக் குடை பிடித்து, மேளம் தட்டி, தலையில் சுமந்து கொண்டுவந்தார்கள். பிரதம அதிதி வரவில்லை. மண்டபம் காத்திருந்தது. நடனப் பிள்ளைகள் வரவேற்பு நடனத்தை ஆடினார்கள். பிரதம அதிதி வரவில்லை. மறுபடியும் ஆடினார்கள். கடைசியில் தலைவர் மேசையிலிருந்த 'பிரதம அதிதி' பூவை எடுத்துத் தன் நெஞ்சிலேயே குத்திக்கொண்டார். மேடையை விட்டு இறங்கி வாசலுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் நடந்துவந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மூன்றாம் முறையும் நடனம் ஆடப்பட்டது.

தலைமையுரையைத் தலைவராகப் பேசினார். அதற்கு நன்றி சொல்லிவிட்டு, அதிதி உரையை அதிதியாகப் பேசினார்.

ராஜலிங்கம் சட்டைப்பையில் போனை அழுத்திப் பிடித்திருந்தார். அது துடித்துக்கொண்டே இருந்தது. கலாராணி.

"நண்பர்களே!" தலைவரின் குரல் மண்டபத்தைக் குலுக்கியது. "இந்தப் பொக்கிஷம் எப்படிக் கிடைத்தது என்று பலர் கேட்கிறார்கள். நாம் இதைத் தேடிப் போகவில்லை. இதுவே நம்மைத் தேடி வந்தது! கள ஆய்வுக்காக மலைப்பாதையொன்றில் நமது ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். கடும் பனி. முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஆனாலும் வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்று சாரதிக்குக் கட்டளையிட்டேன். ஏனென்றால் ஓய்வு விடுதியில் மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது!"

கைதட்டல்.

"திடீரென்று ஒரு சத்தம்! 'ஐயா, நிறுத்திப் பார்க்கட்டுமா?' என்றான் சாரதி. நான் சொன்னேன், 'தம்பி, தலைவனுக்குத் தேவை தூரநோக்கு. பக்கத்தில் கேட்கிற சத்தத்துக்கெல்லாம் திரும்பிப் பார்த்தால் நாடு முன்னேறாது!'"

பெரிய கைதட்டல்.

"விடுதியில் இறங்கிப் பார்க்கிறோம். நமது ஜீப்பின் முன்கம்பியில், மலைத்தெய்வமே மாலை சூட்டியதுபோல, இந்த மட்காட்! கொஞ்சம் நசுங்கியிருந்தது. தட்டி நிமிர்த்தினோம். பெயிண்ட் அடித்தோம். இன்று ஓர் ஏழைக்குக் கையளிக்கிறோம்!"

ராஜலிங்கத்தின் காது அடைத்துக்கொண்டது. மண்டபத்தின் கைதட்டல் எங்கோ தகரத்தில் மழை விழுவதுபோல் கேட்டது. அவர் எழுந்தார். பக்கத்திலிருந்த யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். "நிகழ்ச்சி நடக்குது."

இப்போது கலாநிதி முத்துலிங்கம். வெள்ளைத் துணியை ஒரே இழுவையில் உருவினார். மட்காட்டைத் தன் கையாலேயே புரட்டி, உள்பக்கத்தைச் சபைக்குக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ! வெள்ளையில மூண்டு கிடைக்கோடு. நடுவில ஒரு சிவப்புப் புள்ளி. இங்கிலாந்துத் தொழிற்சாலையின்ர ரகசிய முத்திரை இது! அரச குடும்பத்துக்கெண்டு செய்த வாகனங்களுக்கு மட்டும் இட்டது. மூண்டு கோடும் முடியைக் குறிக்கும். சிவப்பு, பேரரசில சூரியன் மறையாததைக் குறிக்கும். குறைஞ்சது எழுபது வருசப் பழசு. பெயிண்டின்ர வாசத்திலயே நான் கண்டுபிடிச்சன்!"

மண்டபத்தின் பின்வரிசையில் யாரோ, "சிவ சிவா" என்றார்கள். சிரிப்பொன்று கிளம்பி அடங்கியது.

ராஜலிங்கம் சிரிக்கவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் இடப்பக்கம் இழுபட்டிருந்தது. தொண்டைக்குள் கசப்பாக ஏதோ ஏறிவந்தது. இப்போது துப்பினால் மேடையில் விழும் என்று கணக்குப் போட்டார். போன் மறுபடியும் துடித்தது. எச்சிலை விழுங்கினார்.

"அடுத்ததாக, வெற்றிடத்துக்குப் பிரியாவிடை!" என்றார் அறிவிப்பாளர். "எமது குழுவால் பாதுகாக்கப்பட்டு, இன்று நம்மை விட்டுப் பிரியும் வெற்றிடத்துக்காக அனைவரும் எழுந்து ஒரு நிமிட மௌன அஞ்சலி!"

எல்லோரும் எழுந்து தலைகுனிந்தார்கள். இல்லாத ஒன்று இல்லாமல் போகப்போவதை எண்ணி, ஓர் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மௌனத்தைக் கிழித்துக்கொண்டு வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது.

கல்யாணப் பட்டும் நெற்றிச்சுட்டியுமாக சுகிர்தா இறங்கினாள். பின்னால் கலாராணி, சேலையைத் தூக்கிச் செருகியபடி.

"அப்பா!" மௌன அஞ்சலி நடப்பதை அவள் கவனிக்கவில்லை. "ஐயர் மூணு தடவ போன் பண்ணிட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோவில்ல நிக்கிறாங்க!"

ராஜலிங்கம் மேடைக்கு ஓடினார். முத்துலிங்கம் மட்காட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பயனாளி உரை ஆற்றாமல் தர ஏலாது!"

ஒலிவாங்கியைக் கையில் திணித்தார்கள். எழுதிவைத்த தாளையும் திணித்தார்கள். 'இந்த ஏழையின் இருண்ட வாழ்வில் ஒளியேற்றிய தலைவருக்கு என் தோலைச் செருப்பாகத் தைத்தாலும் போதாது' என்று தொடங்கியது. நாய் மென்ற செருப்பு ராஜலிங்கத்துக்கு நினைவு வந்தது. வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். மூச்சுவிடாமல் வாசித்து முடித்தார். ஒவ்வொரு சொல்லும் புளித்த சோறாக வாயிலிருந்து விழுந்தது.

கையளித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். தலைவரின் கண் மூடியிருந்ததால் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கையளித்தார்கள்.

அடுத்த நொடியில் ராஜலிங்கம் மட்காட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி ஓடினார். மஞ்சள் கயிறு அறுந்தது. பலகை விழுந்தது. தினேஸ் பாஸ் ரிப்பனைப் பல்லால் கடித்து எடுத்தார்.

மட்காட் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். தாழ்ப்பாள் விழுந்த மாதிரி.

தினேஸ் பாஸ் அரத்தைக் கையிலெடுத்தவர், கீழே வைத்துவிட்டார். "அண்ணே... அரமே தேவைப்படல. எல்லா ஓட்டையும் நேரா வருது." மேலிருந்த போல்ட்டை நுழைத்தார். நின்றார். விரலால் தடவிப் பார்த்தார். "இந்த ஓட்டைய இப்பிடி நீட்டி வெட்டினது... அண்ணே, இது நான்..."

"பேசாம முறுக்கு பாஸ்."

"இல்லண்ணே, இது..."

"முறுக்குன்னேன்!"

பாஸ் முறுக்கினார். பால் நிறக் காரில் ஈரல் நிற மட்காட். ஆனாலும் முழுசாக இருந்தது. கலாராணி சுற்றிவந்து பார்த்தாள். பின்கதவைத் திறந்தாள். சுகிர்தா சேலையை ஒதுக்கிக்கொண்டு, பிறந்ததிலிருந்து உட்கார்ந்திராத அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். ஹூட் பின்னால் மடிந்தது. கண்டி வெயில் அவள் நெற்றிச்சுட்டியில் விழுந்தது.

ராஜலிங்கம் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது.

"நில்லுங்கள்! நில்லுங்கள்!" தலைவர் பரிவாரத்தோடு ஓடிவந்து கார்க் கதவில் சாய்ந்துகொண்டார். மூச்சில் கட்லட் வாசம். போட்டோக்காரனைக் கையசைத்து அழைத்தார். "பார்த்தீர்களா முத்துலிங்கம்? ஒரு மயிரிழை பிசகவில்லை! நூறு வீத இணக்கம்! எமது குழுவின் வரலாற்றிலேயே இதுதான் முதல் வெற்றி!"

"ஓம் ஐயா. நான் அளக்காமலே சொன்னனான்" என்றார் முத்துலிங்கம்.

"எப்படி இவ்வளவு பொருந்தியது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் ராஜலிங்கம். ஆண்டறிக்கையில் போடலாம்."

ராஜலிங்கம் கியரைப் போட்டார். தலைவரின் எண்ணெய்க் கையைக் கதவிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

"பொருந்தாம எங்கய்யா போகும்? மார்கழியில ஹுன்னஸ்கிரிய வளைவுல, பனிக்குள்ள லைட்டும் போடாம வந்து எங்காரைப் பிச்சுக்கிட்டுப் போன ஜீப்பு உங்களுதுதானே. ரோட்டுல நின்னு கத்தினேன். நிக்கல. தேயிலைக்குள்ள இறங்கித் தேடினேன். பள்ளத்துல விழுந்திருச்சுன்னு நினைச்சுட்டேன்."

தலைவரின் வாய் திறந்தது. போட்டோக்காரன் அந்த நேரம் பார்த்து அழுத்திவிட்டான்.

ராஜலிங்கம் முத்துலிங்கத்தின் பக்கம் திரும்பினார். வலது கையின் மூன்று விரல்களை அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினார்.

"எல்லாச் சாதி சனமும் ஏறுற கார். விபூதியை வெளியில போட்டா யாராவது முகம் சுளிப்பாங்கன்னு, சில்லு மட்டும் பாக்கிற இடத்துல, அழியாம இருக்கப் பெயிண்டால போட்டது. அந்த மூணு கோடும் இந்த விரல். பொட்டு எம்மக வச்சது. வைக்கிற நேரம் தும்மிட்டா, அதுதான் இழுபட்டுக் கெடக்கு." காரை நகர்த்தினார். "போன ஆயுத பூசைக்கு."